பேய்க்குப் பிடித்த தோல்

மாதனூருக்கு நந்திச் சித்தர் வந்த நாளிலிருந்து ஆம்பூர் ரஸ்தாவில் வண்டிக்கு வழியில்லை. குடியாத்தத்திலிருந்து வந்தார்கள், கலவையிலிருந்து வந்தார்கள். சித்தர் காதில் ஊதிய கன்று சாகும்வரை சாகாது என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான். எந்தக் கன்றும் சாகும்வரை சாகாது.

அந்த வருஷம் சுற்றுவட்டாரம் முழுக்க மாடுகளுக்கு வெக்கை நோய். சர்க்கார் மாட்டு டாக்டர் ஊசிப் பெட்டியோடு வந்து சத்திரத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஊசி குத்தினால் பேய்க்குக் கோபம் வரும் என்று சித்தர் சொல்லிவிட்டாரே! படித்தவன் சொன்னால் சந்தேகம். சாம்பல் பூசியவன் சொன்னால் சத்தியம். நம்மவர்கள் புத்தி அப்படி.

சித்தரின் சாஸ்திரம் புதுமாதிரியானது. செத்த மாட்டின் பேய் தோலில்தான் தங்குமாம். தோலை அவரிடம் ஒப்படைத்தால் பாலாற்று மணலில் மந்திரக்கட்டோடு புதைப்பார். இல்லாவிட்டால் பேய் அடுத்த மாட்டுக்குத் தாவும். உரிப்பதற்கு இரண்டு சீடர்கள் இருந்தார்கள். ஒரு கத்திக்கீறல் விழாமல் உரித்தார்கள். தவத்தில் அதையும் கற்றுக்கொடுப்பார்கள் போலும்.

ஆற்றங்கரையில் கோதண்டராமனும் அவர் மனைவி அமிர்தவள்ளியும் ஒரு சின்ன மாட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். முதலில் கறவைப் பசு ஒன்று செத்தது. அதன் தோலைச் சித்தர் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். பிறகு கிழட்டு மாடு ஒன்று செத்தது. அதன் தோலில் புண் தழும்பும் உண்ணிக் கடியும். சித்தர் ஒரு முறை புரட்டிப் பார்த்து, "இதுல பேய் இல்ல, எடுத்துக்கினு போ" என்றார்.

அடுத்து அவர் கண் பொலிகாளைமேல் விழுந்தது. நெல்லூர்ச் சாதிக் காளை. அதை நம்பித்தான் பண்ணையே இருந்தது. சித்தர் கழுத்திலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார்.

"உயிரோட இருக்கிற தோல்லயே ஏறிடுச்சிடா கோதண்டம். வெள்ளிக்கிழமை ஓட்டிக்கினு போயி மலையடிவாரத்துல கட்டு அவுத்து வுட்டுர்றேன்."

கோதண்டராமன் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"காளைய குடுத்துட்டு பண்ணைன்னு இன்னாத்த வச்சிக்கிறது? கன்னுக்கு எங்க போறது?" என்றாள் அமிர்தவள்ளி.

"சாமி சொல்றாரே."

"கெழட்டு மாட்டுத் தோல்ல பேய் ஏன் ஏறல? அத்த கேட்டீங்களா?"

"பேய்க்கு இன்னா புடிக்கும்னு நமக்கு இன்னா தெரியும்?"

"ஆம்பூர் தோல் மண்டிக்காரருக்கு எது புடிக்குமோ அதான் உங்க பேய்க்கும் புடிக்கிது."

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. மறுநாளே வண்டி கட்டிக்கொண்டு ஆம்பூரில் ஹயாத் பாஷாவின் தோல் மண்டிக்குப் போனாள்.

"நல்ல சரக்கு இப்ப ஜாஸ்தியா வருதும்மா," என்றார் பாஷா. "உங்க ஊர்ப் பக்கத்து ஆளுங்க ரெண்டு பேரு கொண்டாந்து போடறாங்க. கீறலே கெடையாது."

குவியலைப் புரட்டினாள். தொடைப் பக்கத்தில் 'கோ' என்று சூட்டுக்குறி போட்ட தோல் ஒன்று கிடந்தது. செத்துப்போன அவள் கறவைப் பசு. பாலாற்று மணலில் இருக்க வேண்டிய பேய், ஆம்பூரில் உப்புக்குள் படுத்திருந்தது. திருப்பித் தருவதாகச் சொல்லி அமிர்தவள்ளி அதை வாங்கிக்கொண்டாள். அந்தப் பசுவுக்குத் தன் கையால் கஞ்சி வைத்தவள் அவள்.

வெள்ளிக்கிழமை காளையைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அமிர்தவள்ளி இரண்டு தோல்களைச் சித்தர் முன்னால் போட்டாள். ஒன்று அந்தக் கிழட்டு மாட்டுத் தோல். இன்னொன்று மண்டித் தோல். உப்பைக் கழுவி, குறி உள்ளே போகும்படி மடித்திருந்தாள்.

"சாமி, இதுல எதுல பேய் கீதுன்னு சொல்லுங்க. அப்புறம் காளைய ஓட்டிக்கினு போங்க."

சித்தர் இரண்டையும் விரலால் தேய்த்துப் பார்த்தார். மண்டித் தோல்மேல் கை வைத்தார். "இதுல. பொல்லாத பேய். புதுசு."

"இதுக்கு முன்னாடி பாத்ததில்லியே?"

"இப்பத்தான் பாக்கறேன்."

அவள் மடிப்பைப் பிரித்தாள். 'கோ' வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"நீங்க மணல்ல பொதைச்ச எங்க பசு இது. ஆம்பூர் மண்டியிலேருந்து கொண்டாந்தேன்."

சித்தர் அசரவில்லை. "கட்டு அவுந்து பேய் நடந்து போயிருக்கும்," என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நடந்து போயி, மேல உப்பு தூவிக்கினு, வெலையும் பேசிச்சா?"

தோலைத் திரும்ப வாங்கிப்போகக் கூடவே வந்திருந்த ஹயாத் பாஷா, இரண்டு சீடர்களையும் கைகாட்டினார். "பேய் இல்லம்மா, இவங்கதான் பேசினாங்க."

கோதண்டராமனே மண்வெட்டி எடுத்துப் போய்ப் புதைத்த இடத்தைத் தோண்டினார். மணல் இருந்தது. அதற்குள் சித்தர் ஓட்டம் பிடித்தார். சீடர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள்.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். முதல் ஊசி காளைக்கு. பண்ணை பிழைத்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். மறுநாள் காலையில் அமிர்தவள்ளி வாசலில் தேங்காய் பழத்தோடு ஒரு கூட்டம் நின்றது. "தாயே, உம்மேல எந்த அம்மன் வந்து இத்த சொன்னா? எங்க மாட்டுக்கும் கொஞ்சம் துண்ணூறு குடு."

"மாட்டுக்கு வந்த நோய்க்கு ஊசி கீது," என்றாள் அவள். "உங்களுக்கு வந்த நோய்க்கு டாக்டர்கிட்டயும் மருந்து இல்ல. போங்க."

மாட்டுக்கு மனிதன் மூக்கணாங்கயிறு குத்துகிறான். மனிதனோ தானே குத்திக்கொண்டு, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஒரு கை தேடி அலைகிறான். கொஞ்சம் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள், மகாஜனங்களே. இருந்தால் அறுத்துப் போடுங்கள். பிறகு யோசிப்பது சுலபம்.