நான் சாப்பிடாத சாமைப் பொங்கல்

நிச்சயமான கல்யாணத்தை நிறுத்த ஜாதகம் வேண்டாம், சீர்வரிசைச் சண்டை வேண்டாம். ஒரு பானை சாமைப் பொங்கல் போதும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். பானை என்னுடையது. சாமையும் நான் வாங்கியது. நிறுத்தும் எண்ணம் மட்டும் என்னுடையதில்லை.

யுத்தத்துக்கு முந்தின காலம் அது. எனக்கு இருபது வயது. பயிற்சிப் பள்ளியில் போதனா முறையில் முதலாவதாக வந்தவள் (அப்போது இதைக் கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்). எங்கள் மிஷன் துரைசானி என்னைக் கொல்லிமலைக்கு, குண்டனி நாட்டில் ஒரு சிற்றூருக்கு, ஆசிரியையாக அனுப்பினார். சேந்தமங்கலத்தில் வண்டியை விட்டு இறங்கி, ஒரு பகல் முழுக்க ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். எனக்கு முன்னால் ஒருவர் தலையில் என் டிரங்குப் பெட்டி போனது. இன்னொருவர் தலையில் ஒரு மூட்டை நெல்லரிசி போனது. மலையில் சாமைதான் சோறு என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள்.

புல் வேய்ந்த பள்ளிக்கூடம். பதினான்கு பிள்ளைகள். வாரநாளில் எழுத்தும் கணக்கும், ஞாயிறு காலையில் வேதக்கதை. ஊரில் எல்லோருக்கும் அவரவர் குலசாமி உண்டு. எங்கள் சாமியைப் பற்றி அவர்களுக்குப் புகாரும் இல்லை, அவசரமும் இல்லை. "டீச்சரம்மா கதை நல்லாத்தான் இருக்குதுங்க, கேட்டுட்டு வரட்டும்" என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். சொறி சிரங்குக்கு நான் போடும் களிம்பும் இந்தப் பெருந்தன்மைக்கு ஒரு காரணம்.

அந்த ஞாயிறு எடுக்க வேண்டிய பாடம், 'நாம் எல்லோரும் கடவுளின் குடும்பம்'. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்பது போதனா முறையின் முதல் விதி. இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். ஒரு மாதத்துக்கு முன் குலசாமி கோயிலில் பங்காளிகள் பொங்கல் வைத்ததைப் பார்த்திருந்தேன். ஒரே பானைச் சோற்றைப் பங்காளிகள் மட்டும் வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். மாமன் மச்சான்களுக்குத் தனிப் பானை. ஆகா, இதுவல்லவோ உதாரணம் என்று துள்ளினேன். அந்தத் தனிப் பானை ஏன் தனியாக இருந்தது என்று ஒருவரையாவது கேட்டிருக்கலாம். முதலாவதாக வந்தவள் யாரைக் கேட்பாள்?

புதுப்பானை வாங்கி, வெல்லம் போட்டுச் சாமைப் பொங்கல் வைத்தேன். பதினான்கு பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து இலையில் பரிமாறினேன்.

"ஊருக்குள்ளே அந்தக் கூட்டம், இந்தக் கூட்டம் என்று இருக்கலாம். கடவுள் வீட்டிலே எல்லோரும் ஒரே பங்காளிகள். இந்தப் பானையில் சாப்பிட்ட நீங்கள் எல்லோரும் இன்றிலிருந்து அண்ணன் தம்பி, அக்கா தங்கை" என்றேன்.

சின்னானுக்கு எட்டு வயது. வாயில் சோற்றோடு, எதிர் இலையில் இருந்த சிறுமியைக் காட்டிக் கேட்டான்: "குப்பாயியுமுங்களா?"

"குப்பாயியும்தான் கண்ணு."

"அவ அண்ணனுமுங்களா?"

"எல்லோரும்தான்."

சின்னான் மெல்லுவதை நிறுத்திவிட்டான். பாடம் உள்ளே இறங்குகிறது என்று பூரித்துப்போனேன்.

பிள்ளைகள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, என் நெல்லுச்சோற்றை எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டேன். மலையேறிய முதல் வாரமே சாமை என் வயிற்றை இரண்டு நாள் படுத்தியிருந்தது. அதனால் அந்தப் பொங்கலில் ஒரு பருக்கைகூட நான் தொடவில்லை. சாப்பிட்டு முடித்துத் துரைசானிக்குக் கடிதம் எழுதினேன்: 'பிள்ளைகள் இந்தப் பாடத்தை முழு மனதோடு ஏற்றுக்கொண்டார்கள்.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

சின்னானுக்குப் பாவாயி என்று ஓர் அக்கா. பதினெட்டு வயது. குப்பாயியின் அண்ணன் பெயர் சடையன். பாவாயிக்குத் தாய்மாமன் மகன். பிறந்ததிலிருந்தே அவளுக்கு அவன், அவனுக்கு அவள் என்று பேசி வைத்து, வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. வருகிற புதன்கிழமை கல்யாணம்.

அன்று சாயங்காலம் சடையன் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு பாவாயி வீட்டுக்குப் போயிருக்கிறான். வாசலில் நின்ற சின்னான் உள்ளே பார்த்துக் கத்தினானாம்: "அக்கா, உன்ற அண்ணன் வந்திருக்குது!"

அப்புறம் பானை விஷயம் முழுவதையும், என் கையசைவு உட்பட, ஒப்பித்திருக்கிறான். பங்காளிப் பானையில் ஒரு வீட்டுப் பிள்ளை தின்றால் அந்த வீடே தின்ற கணக்கு. பங்காளிக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் கூடவே கூடாது. சடையன் பலாப்பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை பள்ளிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. பாவாயி வந்தாள். நான் வந்த நாளிலிருந்து சுனைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். அன்றைக்கு வெறுங்கையோடு நின்றாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, நான் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணுனேன்? பொறந்ததுல இருந்து அவருக்குன்னு இருக்கறவ நானு. ஒரு பானைய வெச்சு அவர எனக்கு அண்ணனாக்கிப் போட்டீங்களே."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். (பயிற்சிப் பள்ளியில் கற்றுத்தராமலே எனக்கு வந்த ஒரே வித்தை அது.)

மறுநாள் ஊர் கூடியது. நடுவில் ஊர்க்கவுண்டர். எதையும் அடியிலிருந்து நுனிவரை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லாதவர். ஒரு பக்கம் பாவாயி வீட்டார், மறுபக்கம் சடையன் வீட்டார், முன்வரிசையில் என் பதினான்கு மாணவர்கள். நான் எழுந்து, இது இரத்த உறவு அல்ல, ஆவிக்குரிய உறவு, இதற்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை என்று பத்து நிமிஷம் விளக்கினேன். கவுண்டர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. உங்க சாமி அப்பன். இந்தப் புள்ளைங்க அத்தனையும் மக்கமாரு. அப்புடித்தானுங்களே?"

"ஆமாங்க."

"அப்ப இதுகளுக்கு மாமன் ஊடு எதுங்க?"

மூன்று வருஷப் படிப்பில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"மாமன் ஊடு இல்லாத குடும்பம் என்ன குடும்பமுங்க? பொண்ணு எங்க எடுப்பாங்க, நல்லது கெட்டதுக்கு யாரு வந்து நிப்பாங்க?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். கூட்டமே எங்கள் சாமிக்காக உச்சுக்கொட்டியது. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

பிறகு விசாரணையைத் தொடங்கினார். பானை புதுசா? புதுசுங்க. அடுப்பு மூட்டியது யார்? நான்தானுங்க. அள்ளிப் போட்டது? அதுவும் நான்தானுங்க.

"மொதக் கவளம் நீங்க தின்னீங்களா?"

குலசாமி கோயிலில் பொங்கல் வைத்தவர் முதலில் தான் ஒரு கவளம் தின்றது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு முறை புரிந்தது. பொங்கல் வைத்தவர் முதல் கவளம் தின்றால்தான் அது பங்காளிப் பொங்கல். இல்லாவிட்டால் அது வெறும் சோறு.

ஒரே வார்த்தையில் கல்யாணத்தைக் காப்பாற்றிவிடலாம். சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரே குடும்பம் என்று முழங்கிய நான் அந்தக் குடும்பத்துச் சோற்றைத் தொடவில்லை என்று, பதினான்கு பிள்ளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? 'தின்றேன்' என்று சொல்லிவிட்டால் என் மானமாவது மிஞ்சும். அப்படி நினைத்தேன் என்பதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பாவாயி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. நான் தின்னலீங்க."

"அப்பறம் என்னத்தைத் தின்னீங்க?" கவுண்டர் விடுவதாயில்லை.

"நெல்லுச்சோறுங்க. கதவச் சாத்திக்கிட்டு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். "வெச்சவங்களே தின்னாத பொங்கல் செல்லாதுங்க. அண்ணனுமில்ல, தங்கச்சியுமில்ல. புதன்கெழமை கல்யாணம்" என்று கவுண்டர் எழுந்தார். மறுபக்கத்திலிருந்து சடையன் விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது.

சின்னான் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து நின்றான்.

"அப்ப, கடவுள் ஊட்டுல உங்களுக்கு மட்டும் தனிச்சோறுங்களா டீச்சரம்மா?"

துரைசானி எத்தனையோ முறை கண்டித்திருக்கிறார். எதுவும் இதுபோல் குத்தியதில்லை. நான் அவன் தலையைத் தடவிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று ஊறுகாய் இறங்கவில்லை.

புதன்கிழமை கல்யாணத்துக்குப் போய் ஒதுங்கி நின்றேன். மணமகள் கோலத்திலேயே பாவாயி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தன் வீட்டுப் பங்காளிகள் வட்டத்தில் உட்காரவைத்தாள். இலையில் சாமைச்சோறு விழுந்தது. "தின்னுங்க. நான் பாக்கோணும்" என்றாள். தின்றேன். வயிறு மறுபடியும் இரண்டு நாள் படுத்தியது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அந்த மூட்டையில் மிச்சமிருந்த நெல்லரிசியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே கஞ்சியாக வைத்தேன். முதல் டம்ளர் நான் குடித்தேன், எந்தப் பாடமும் சொல்லாமல்.

நான்கு மாதம் கழித்துப் பாவாயியின் பெரியப்பா காலமானார். அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்து, எனக்கும் பங்காளித் தீட்டு உண்டு, பள்ளிக்கூடத்தைச் சாத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். 'குடும்பத்தில் ஒரு மரணம், விடுப்பு வேண்டும்' என்று துரைசானிக்கு எழுதினேன். 'உனக்குத்தான் அந்தப் பக்கம் குடும்பமே இல்லையே, யார் இறந்தது?' என்று பதில் வந்தது. பெரியப்பா என்று எழுதி அனுப்பினேன்.

நான் மலையை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது. சின்னானுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. மிளகு விற்கச் சேந்தமங்கலம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வராமல் போகமாட்டான். என் பிள்ளைகளுக்கு அவன் மாமன். தட்டில் சோறு போட்டதும் கையைக் கழுவிக்கொண்டு, தொடாமல் உட்கார்ந்திருப்பான். என் பிள்ளைகளும் அவனோடு சேர்ந்துகொண்டு கையைக் கட்டிக்கொள்வார்கள்.

"டீச்சரக்கா, மொதக் கவளம் தின்னாச்சுங்களா?"

எல்லோரும் என் தொண்டையையே பார்ப்பார்கள். நான் ஒரு வாய் அள்ளிப் போட்டு விழுங்கிக் காட்டிய பிறகுதான் சின்னான் தட்டில் கை வைப்பான்.