கண்ணாடியில் ஐயா தெரியவில்லை

"ஐயா, கொஞ்சம் அசையாம இருங்க" என்றார் டிரைவர்.

"நான் எங்கப்பா அசையறேன்? வண்டியோட சேர்த்து நீதான் என்னை அசைக்கறே" என்றார் பின்சீட்டிலிருந்து பெரியவர்.

தலைக்கு மேலிருந்த கண்ணாடி மறுபடியும் இருண்டு போயிருந்தது. பின்சீட் இருக்க வேண்டிய இடத்தில் கருநீலமாக ஏதோ தெரிந்தது. அதற்குள் பெரியவர் இருக்கிறாரா, இருந்தால் எதையாவது மென்றுகொண்டிருக்கிறாரா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஊரில் உள்ள டிரைவர்கள் எல்லாம் பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கத்தான் அந்தக் கண்ணாடியை வைத்திருக்கிறார்கள். நம் டிரைவருக்கு மட்டும் அது பெரியவரின் வாயைப் பார்க்க. வேலையில் சேர்ந்த அன்றைக்கே பெரியவரின் மகன், அதாவது சின்னவர், உத்தரவு போட்டிருந்தார்.

"அப்பாவுக்கு சுகர் ஏறிக்கிட்டே போகுது. வீட்டு அலமாரி எல்லாத்தையும் பூட்டியாச்சு. வெளியிலதான் கோட்டை விடறோம். நூலகம், பூங்கா, வீடு, அவ்வளவுதான். எந்தக் கடை வாசல்லயும் வண்டி நிக்கக் கூடாது. கண்ணாடியில அவர் வாயைப் பார்த்துக்கிட்டே இரு. போன டிரைவரை ஏன் அனுப்பினேன் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்பாவுக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணுன்னு ஐஸ்கிரீம் வாங்கித் தின்னான்."

டிரைவர் பல மாதம் நாயாய் அலைந்து பிடித்த வேலை இது. இது கிடைத்த பிறகுதான் வீட்டில் மனைவி முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்திருந்தாள். அதை இழப்பதற்கு அவர் தயாராக இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பெரியவரின் வாயைக் காவல் காத்தார்.

கெட்ட நேரம் கண்ணாடி ரூபத்தில் வந்தது. அது சாதாரணக் கண்ணாடி இல்லை. பின்னால் வருகிற வண்டியின் விளக்கு கூசினால் தானாகவே இருண்டுகொள்ளும் சொகுசுக் கண்ணாடி. ஒருநாள் அது பட்டப்பகலிலேயே இருண்டது. டிரைவர் பதறிப்போய், பெரியவரோடு சேர்த்து வண்டியை எலக்ட்ரீஷியனிடம் ஓட்டிக்கொண்டு போனார். அந்த எலக்ட்ரீஷியனுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'கரண்டு'.

கரண்டின் பட்டறை ஒரு குறுகிய சந்து. ஒரு பக்கம் டயர் கிடங்கின் சுவர், மறுபக்கம் ரொட்டிக் கடையின் பின்சுவர். டிரைவர் முதல் வேலையாகச் சந்து முழுவதையும் மேலும் கீழும் அளந்து பார்த்தார். தின்னக்கூடிய பொருள் ஒன்றும் கண்ணில் படவில்லை. குடிக்க வேண்டுமென்றால் பேட்டரித் தண்ணீர் இருந்தது. நிம்மதியானார்.

கரண்டு கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முன்பக்க சென்சார் மேல யாரோ சர்வீஸ் ஸ்டிக்கரை ஒட்டியிருக்காங்க. அது எப்பவும் ராத்திரின்னு நினைச்சுக்குது." ஸ்டிக்கரை உரித்தார். "இப்ப டெஸ்ட் பண்ணிடலாம். அதுக்கு இருட்டு வேணும்."

வண்டியின் மேல் ஒரு பெரிய தார்ப்பாயைப் போர்த்தினார். உள்ளே மூன்று பேரும் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கரண்டு ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார்.

"பாருங்க ஐயா, கண்ணாடி ஓரத்துல இந்தப் புள்ளி இருக்கில்ல? இதுமேல வெளிச்சம் பட்டா போதும்."

கண்ணாடி சமர்த்தாக இருண்டது.

"அட! இவ்வளவுதானா?" என்றார் பெரியவர் சின்னப் பிள்ளை போல. "சரி, நீங்க பாருங்க. எனக்கு மூச்சு முட்டுது. வெளியில காத்தாட நிக்கறேன்."

அன்றைக்கு வீடு திரும்பும்போது பெரியவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இரவுச் சாப்பாடும் பாதி போதும் என்றுவிட்டாராம். வண்டி கெட்டுப்போன கவலை, பாவம் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம்தான் பைக் பிரச்சினை ஆரம்பித்தது.

பொழுது சாய்ந்து நூலகத்திலிருந்து திரும்பும்போது கண்ணாடியில் பளிச்சென்று ஒற்றை விளக்கு தெரியும். உடனே கண்ணாடி இருண்டுவிடும். டிரைவர் கதவுப் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஈ காக்கை இருக்காது.

"ஐயா, பின்னால ஏதாவது பைக் வந்துச்சா?"

"வந்துச்சே! நான் பார்த்தேன். சட்டுனு சந்துல திரும்பிட்டான். படுபாவி, என்ன வேகம்!" என்ற பெரியவர், "எதுக்கும் கரண்டுகிட்ட காட்டிடுப்பா. பாதுகாப்பு முக்கியம்" என்றார்.

கரண்டிடம் காட்டினார்கள். தார்ப்பாய், டார்ச், புழுக்கம். கண்ணாடி ஒழுங்காகவே வேலை செய்தது.

"வெளிச்சம் வந்தா இருளுது. அதுதானேங்க அதோட வேலை?" என்றார் கரண்டு.

"வெளிச்சம் வர்றதுக்கு வண்டியே இல்லையே!"

"அப்ப வயர்ல கோளாறு."

வயரை மாற்றினார்கள். மறுநாளே ஒற்றை விளக்கு பைக் மறுபடி வந்தது. டிரைவருக்குப் பெரியவர் மேலேயே லேசாகச் சந்தேகம் தட்டியது. வீட்டுக்கு வந்ததும் பின்சீட்டைக் கையால் துழாவினார். மிதியடியைத் தூக்கி உதறினார். ஒரு துணுக்கு இல்லை, ஒரு காகிதம் இல்லை. பெரிய மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகிவிட்டது.

சின்னவர் புதுக் கண்ணாடியே வாங்கித் தந்தார். பழையதைக் கழற்றும்போது கரண்டு ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டார். முன்கண்ணாடி மேலிருந்து கீழ்வரை கோடு விட்டது. அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. சாயங்காலம் வரை டிரைவர் இரண்டு கையாலும் புது முன்கண்ணாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, உங்களை ஆட்டோவுல அனுப்பிடட்டுமா?"

"எனக்கென்னப்பா அவசரம்? நீங்க நிதானமா பாருங்க" என்றார் பெரியவர். இப்படி ஒரு பொறுமைசாலியை டிரைவர் பார்த்ததே இல்லை.

புதுக் கண்ணாடியும் மூன்றாம் நாள் இருண்டது.

கரண்டு யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "ரிவர்ஸ் கியர் போட்டா இது இருளாதுங்க. வண்டி எப்பவும் ரிவர்ஸ்லதான் இருக்குன்னு இதை நம்ப வெச்சிடுவோம்." டிரைவர் மல்லாந்து படுத்து வயரைப் பிடித்துக்கொள்ள, கரண்டு எதையோ எதிலோ கோத்துவிட்டார்.

நம்பியது கண்ணாடி மட்டுமில்லை. மொத்த வண்டியும் நம்பிவிட்டது. முன்னால் போகும்போதே பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது. 'பீப் பீப்' என்று வழிநெடுக அலறியது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் உயிர் தப்பினால் போதுமென்று ஒதுங்கினார்கள். சிக்னலில் போக்குவரத்துக் காவலர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நீ வர்றியா, போறியா?" என்று கேட்டார். டிரைவருக்கே அது தெரியவில்லை.

அன்று இரவு சின்னவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "கண்ணாடி கண்ணாடின்னு சாக்குச் சொல்லியே என்னை ஏமாத்தறியா? நாளன்னைக்கு அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை. சுகர் ஏறியிருந்துச்சுன்னா, சாவியைக் கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு."

மறுநாள் டிரைவர் கரண்டின் பட்டறை மூலையில் கிடந்த பழைய வேன் கண்ணாடி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். சென்சார் இல்லை, வயர் இல்லை, சொகுசு இல்லை. முகம் பார்த்தால் முகம் தெரியும். அதை மாட்டச் சொன்னார். திருப்திக்காகத் தார்ப்பாயைப் போர்த்தி, டார்ச் அடித்து, ஆற அமரப் பரிசோதித்தார்கள். கொஞ்சமும் இருளாமல் அப்படியே பளபளத்தது.

திரும்பும்போது பின்சீட் பளிங்குபோலத் தெரிந்தது. பெரியவரின் வாய் அசையவில்லை.

"ஐயா, இனிமே பைக் வராது" என்றார் டிரைவர் பெருமையாக.

"சந்தோஷம்ப்பா" என்றார் பெரியவர். குரலில் சந்தோஷம் போதவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. சுகர் முன்னைவிட ஏறியிருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள எப்படின்னு கண்டுபிடிச்சுச் சொல்லு, இல்லாட்டி சாவியை வெச்சுடு" என்றுவிட்டார் சின்னவர். டிரைவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மனைவியிடம் என்ன சொல்வது? புலம்புவதற்குக் கரண்டை விட்டால் ஆளில்லை. சந்துக்குள் போய்ப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கண்ணை இமைக்காம பார்த்தேன் கரண்டு. அவர் வாயே அசையலை. நூலகம், பூங்கா, வீடு. அதை விட்டா உன் பட்டறை. வேற ஒரு இடத்துல வண்டியை நிறுத்தியிருப்பேனா? சர்க்கரை என்ன காத்துலயா வருது?"

கரண்டு தலையைச் சொறிந்தார். அப்போது சந்தின் முனையைச் சுற்றிக்கொண்டு, கையிலிருந்த மாவைத் துடைத்தபடி ரொட்டிக் கடைக்கார அம்மா வந்தார்.

"நீதானேப்பா ஐயாவோட டிரைவர்? இந்தா, அவரோட டார்ச்சு. அன்னைக்கு நீங்க தார்ப்பாய்க்குள்ள இருந்தப்ப கேக் சாப்பிட வந்தவரு, எங்க மேஜையிலேயே மறந்துட்டுப் போயிட்டாரு. சீக்கிரம் கொடுத்துடுப்பா, இது இல்லாம உங்க கண்ணாடி எப்படி மறுபடி ரிப்பேர் ஆகும்?"