எனக்கா காது குத்துகிறீர்கள், மாப்பிள்ளை?

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் முழு நலத்துடனும், முழு நினைவுடனும், சற்றே கோபத்துடனும் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கு நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வீடு சௌக்கியமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று கேட்டுக்கொண்டு, நான் மூச்சு வாங்கும் சந்தில் "அத்தை நல்லாருக்காங்களா?" என்று நுழைந்து பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். கடிதத்துக்கு நடுவில் யாரும் சரிங்க மாமா போட முடியாது.

நீங்கள் அனுப்பிய செய்தியைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தேன். "மாமா, இனிமே உங்களுக்குச் சிரமம் வேண்டாம். வீட்டுப் பராமரிப்புக்கு ஒரு கம்பெனியை ஏற்பாடு பண்ணிட்டேன். அவங்க ஆள் வந்து எல்லாத்தையும் பார்த்தார். ஒரு பழுதும் இல்லையாம். இனிமே எது வந்தாலும் அவரே பார்த்துக்குவார்." ஒரு பழுதும் இல்லையாமா? அந்த வீட்டை இத்தனை நாளும் போன் வழியாக நான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு பழுதும் இல்லையாம்!

மாப்பிள்ளை, நான் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றது என் உடம்பு மட்டும்தான், காது இன்னும் வேலையில் இருக்கிறது. ஆஸ்பத்திரி லிஃப்டோ, துணிக்கடை லிஃப்டோ, எதுவானாலும் நான் போனவுடன் மூடியைத் திறந்ததில்லை. கதவில் காதை வைப்பேன். கடகட என்றால் எண்ணெய் வறண்டிருக்கிறது. கடக்… கட என்றால் உருளை தேய்ந்திருக்கிறது. மொணமொண என்றால் மோட்டார் அலுத்துக்கொள்கிறது. கிறீச் என்றால் பிரேக். இது தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவனை நான் மெக்கானிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உங்கள் கம்பெனிக்காரர் எதிலாவது காதை வைத்தாரா? காலுக்கு உறை மாட்டிக்கொண்டு வந்து, கையில் வைத்திருந்த கண்ணாடிப் பலகையில் பச்சை பச்சையாகச் சரிக்குறி தட்டிவிட்டுப் போய்விட்டாராம். யாருக்குக் காது குத்துகிறார் அவர்? எனக்கா? இந்தக் காதுக்கா?

என் மகளுக்கு டிங்கு என்று பெயர் வந்த கதையை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே லிஃப்ட் வந்துவிட்டது. நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் காலைக் கட்டிக்கொண்டு, "உர்ர்ர்… டொக்… டிங்!" என்பாள். லிஃப்ட் மேலே ஏறி, நின்று, கதவு திறக்கிற சத்தம், ஒரு பிசகு இல்லாமல். அன்றிலிருந்து டிங்கு. ஒருநாள் நான் வாசலில் நின்று "டிங்கு வந்தாச்சா?" என்று கத்த, எதிர்வீட்டுக்காரர் அதை டெங்கு என்று காதில் வாங்கிக் குடும்பத்தோடு கொசுவலைக்குள் போய்விட்டார். அப்படி வளர்ந்த பிள்ளைக்குத் தன் வீட்டில் எது எப்படிச் சத்தம் போடுகிறது என்று தெரியாதா?

அவள் அந்த ஊருக்குப் போன புதிதில் நாங்கள் போனில் பேசியது இவ்வளவுதான். "எப்படிப்பா இருக்கீங்க?" "நல்லாருக்கேன், நீ?" "நல்லாருக்கேன்பா." "சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்." பாசம் இல்லாமல் இல்லை. நெஞ்சு முட்ட இருக்கிறது. ஆனால் பழுதாகாத ஒன்றைப் பற்றி என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான், கடவுள் புண்ணியத்தில், உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது.

"எப்படி ஒழுகுது டிங்கு?" என்றேன். "சொட்டு… சொட்டு…" என்றாள். "ரெண்டு சொட்டுக்கு நடுவுல இழுக்குதா, வெட்டுதா?" "இழுக்குதுப்பா." எப்பேர்ப்பட்ட பிள்ளை பாருங்கள்! வாஷர் தேய்ந்தால் இழுக்கத்தான் செய்யும். அன்றைக்குப் போன் காதைச் சுடுகிற வரைக்கும் பேசினோம். குழாயிலிருந்து ஆரம்பித்த பேச்சு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. எக்ஸ்ரே எடுக்கும்போது ஒரு பெரியவரிடம் மூச்சைப் பிடிங்க என்றால் அவர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறாராம். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். என்ன ஆச்சோ என்று உங்கள் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். மறுநாளே ஒரு பொட்டலம் வாஷர் அனுப்பினேன். அதை நீங்கள் நாற்காலிக் காலுக்கடியில் ஒட்டிவிட்டதாகக் கேள்வி. அந்தப் பஞ்சாயத்தை இப்போது எடுக்க வேண்டாம்.

அப்புறம் வாஷிங் மெஷின். போனைப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். தடதட, டொம். தடதட, டொம். தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். நடுவில் மெஷின் ஒரு தடவை இருமியது. "என்ன டிங்கு, இருமுது?" "அ… ஆமாப்பா, இருமுது." கழிவுநீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கும். அன்றைக்கு அவளுக்கே ஜலதோஷம், தொண்டை கட்டியிருந்தது. அந்த நிலையிலும் பாவம் மெஷினைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். இன்னொரு நாள் குளியலறைக் கதவு. கிறீ…ச் என்று இழுத்துவிட்டுக் கடைசியில் களுக்கென்று ஒரு சத்தம், யாரோ சிரித்த மாதிரி. அது மேல் கீல். கீழ்க் கீல் சிரிக்காது.

இதையெல்லாம் நான் சும்மா உட்கார்ந்துகொண்டு சொன்னதாக நினைக்க வேண்டாம். ஒரு பாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பாகம் என் கையில் இருக்க வேண்டும். உங்கள் குழாய்க்காக எங்கள் குழாயைக் கழற்றினேன். மறுபடி மாட்டியதில் ஒரு திருகு மிச்சமாகிவிட்டது, அது எதனுடையது என்று தெரியும் வரை உங்கள் அத்தை வாளியில் தண்ணீர் பிடித்துச் சமைக்கிறாள். உங்கள் மெஷினின் சத்தத்தை ஒத்துப் பார்ப்பதற்காக எங்கள் மெஷினுக்குள் ஸ்பானரைப் போட்டுச் சுற்றவிட்டேன். சத்தம் அச்சு அசலாக வந்தது. மெஷின் போய்விட்டது. குளியலறைக் கதவைக் கழற்றி ஹாலில் சாய்த்து வைத்திருப்பதால், உள்ளே இருப்பவர் ஆள் இருப்பது தெரியும்படி பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்று ஏற்பாடு. உங்கள் அத்தைக்குப் பாட்டு வராது. அவள் என்னைத் திட்டிக்கொண்டே குளிக்கிறாள். உங்கள் வீட்டுக்காக என் வீட்டை நான் இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன், நீங்கள் வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

கடைசியாக ஃப்ரிஜ். இது உங்கள் அத்தை அங்கே வந்து தங்கிவிட்டுத் திரும்பிய பிறகு நடந்தது. சாயங்காலம் போன் வந்தது. "அப்பா" என்றாள். "என்ன டிங்கு, என்ன பழுது?" என்றேன். "ஃப்ரிஜ்ஜுப்பா" என்றாள். பக்கத்தில் வைக்கச் சொன்னேன். வழக்கமான உர்ர் இல்லை. விட்டு விட்டு, உள்ளே இழுத்து இழுத்து, விசும்புகிற மாதிரி ஒரு சத்தம். என் அனுபவத்தில் எந்த மோட்டாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் தைரியமாகச் சொன்னேன்: "பயப்படாதேம்மா. அதுகிட்ட கோளாறு ஒண்ணும் இல்ல. தாங்குறதுக்கு மேல வேலை வாங்கியிருக்காங்க, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் அணைச்சு வை. உள்ள எதையும் திணிக்காதே. யாரும் திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். தானா ஓடும். அது நல்ல மேக்." "நல்ல மேக்காப்பா?" என்றாள். "நான் சொல்றேன்ல? நல்ல மேக்." அப்புறம் போனை வைக்காமல் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். கடைசியில் அவளே, "ஓடுதுப்பா" என்றாள். இதுதான் ரிப்பேர். உங்கள் ஆள் விரலால் தட்டியது ரிப்பேர் இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, முடிவாகச் சொல்கிறேன். அந்தக் கம்பெனிக்காரர் வந்துபோன நாளிலிருந்து டிங்குவிடமிருந்து எனக்குப் போன் இல்லை. எதற்குப் போடுவாள்? எல்லாவற்றையும்தான் அவர் பார்த்துக்கொள்வாராமே. எனக்கும் அவளுக்கும் நடுவில் பேச்சு ஓடியதே இந்தப் பழுதுகளை வைத்துத்தான். அதையும் நீங்கள் சரி செய்துவிட்டால் மறுபடியும் "நல்லாருக்கேன், நீ?" தான். எனக்கு அது வேண்டாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம். ஒன்று, அந்த ஆளை நிறுத்துங்கள். இல்லையென்றால் இப்படி உளுத்துப்போன வீட்டில் என் மகளை வைத்திருப்பதை விட்டு வேறு வீடு பாருங்கள். பாருங்கள் என்றால், காதால் பாருங்கள்.

உங்கள் உடம்பும் உத்தியோகமும் நடுவில் எங்கும் சிக்காமல் மேலே மேலே போகட்டும். போகிற மாடியெல்லாம் உங்களுக்குக் கதவு திறக்கட்டும். என் மகளுக்கு என் ஆசிகளைச் சொல்லவும். இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
கோபம் பாதி தணிந்த,
உங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். இருமல் வரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கீல் சிரித்த இடத்தில் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, நான் போய் இருந்துட்டு வந்தேனே, அந்த வீட்டுக் குழாய்க்கு வாஷரும் இல்ல, திருகும் இல்ல. கையை நீட்டினா தானா ஊத்துது."

"அப்போ சொட்டு சொட்டுன்னு இழுத்தது?"

"உங்க பொண்ணு. நாக்கால."

"மெஷின்?"

"பால்கனியில உக்காந்து தகர டப்பாவுல கரண்டியை வெச்சு அடிப்பா. நான் என் கண்ணால பார்த்தேன்."

"கதவு?"

"கிறீச்சு அவ. களுக்கு நான். பக்கத்துல நின்னேனா, சிரிப்பை அடக்க முடியல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? அப்பாவும் பொண்ணும் நல்லாத்தானே பேசிட்டிருந்தீங்க. எங்கிட்டயும் அவ அதான் சொன்னா. பழுதுன்னு சொன்னாத்தான் அப்பா போனை உங்கிட்ட குடுக்க மாட்டேங்கிறாரும்மான்னு. கதவில்லாம குளிக்க வேண்டியிருக்கேன்னுதான் இப்ப வாயைத் திறந்தேன்."

மாப்பிள்ளை, குழந்தையில் அவளுக்குக் காது குத்தியபோது நான்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அவள் எனக்குக் குத்திவிட்டாள். எந்த லிஃப்டும் ஏமாற்றாத காது இது. என்ன சுத்தமான தடதட, டொம்! யாருடைய மகள்! சந்தேகம் எனக்கும் லேசாக இருந்தது என்று உங்கள் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஃப்ரிஜ்ஜைப் பற்றி உங்கள் அத்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. அது டப்பாவும் கரண்டியும் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளுக்கு என்னவோ நடந்திருக்கிறது. நீங்கள் அவளைத் துருவிக் கேட்க வேண்டாம். ஒரு டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். நல்ல மேக்தான், நான் அன்றைக்குச் சொன்னதில் மாற்றம் இல்லை.

மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். வீடு பிரமாதமான வீடு, மாற்ற வேண்டாம். கம்பெனிக்காரர் நல்லவர், கெட்டிக்காரர், அவரை உடனே நிறுத்துங்கள். அவர் பச்சை தட்டியதை டிங்குவிடம் பெரிதுபடுத்த வேண்டாம். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியவே கூடாது. அந்த வீட்டில் எதையாவது சரி செய்தீர்களானால் நான் மனிதனாக இருக்க மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. அவள்தான். "அப்பா, கம்பெனிக்காரர் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாரு" என்றாள். "ம்" என்றேன். "ஆனா இந்த அலமாரிக் கதவு மட்டும் என்னமோ முனகுதுப்பா." "அவருக்கு என்னம்மா தெரியும்? போனைப் பக்கத்துல வை" என்று சொல்லியிருக்கிறேன். தொண்டையைச் சரி செய்துகொள்கிறாள். முனகல் ஆரம்பித்துவிட்டது. நன்றாகக் கேட்கிறது. இது பெரிய வேலை மாப்பிள்ளை, சீக்கிரத்தில் முடியாது.