கிடாரம் அங்கிளின் பருப்பில் ஒரு கல்

நூறு பேருக்குக் குறைவாகச் சமைக்கத் தெரியாத ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே கொழும்பு கொட்டாஞ்சேனையில், எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில்தான் இருக்கிறார். அவருக்கு ஒரு பெயரும் இருந்திருக்க வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் கிடாரம் அங்கிள்.

இருபத்திரண்டு வருடம் இராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். பென்சனில் வருகிறவர்கள் ஒரு கேடயமோ, சுவர் மணிக்கூடோ கொண்டு வருவார்கள். இவர் மலைநாட்டு முகாமில் கழித்துவிட்ட ஒரு கிடாரத்தை, அந்தப் பெரிய சமையல் அண்டாவை, ஏலத்தில் எடுத்து, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அது வாசலுக்குள் நுழையவில்லை. கதவைக் கழற்றிப் பார்த்தார்கள், அப்போதும் நுழையவில்லை. இன்றுவரை வெளியில்தான் இருக்கிறது. கிழமை நாட்களில் பூனைகள் அதற்குள் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூனைகளை எழுப்பிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, அங்கிள் அதில் பருப்புக் காய்ச்சுவார்.

அவருடைய மனைவி மேரி அன்ரிக்கு ஆரம்பத்தில் இது விளங்கவில்லை. பென்சனில் வந்த புதிதில் அன்ரிக்குக் காய்ச்சல் வர, இவர் குசினிக்குள் போனாராம். அதை அன்ரி இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"ரெண்டு பேருக்கு எவ்வளவு உப்புப் போடுவீங்கன்னு கேக்குறேன். நூறு பேருக்குன்னா சொல்றேன், நீ வகுத்துக்கன்னாரு. காய்ச்சல்ல கெடக்குறவ கணக்குப் பாக்கவா?"

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஒழுங்கையில் ஒரு வீட்டில் பருப்பு, ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் தேங்காய். அங்கிள் கரண்டியோடு நிற்க, நாங்கள் தட்டோடு வரிசையில் நிற்போம். பிந்தி வருகிறவர் கிடாரம் கழுவ வேண்டும். நான் பத்திரிகைக்கு எழுதுகிறவள், எதற்கும் பிந்துகிறவள். அந்தக் கிடாரத்தின் ஒவ்வொரு நெளிவும் எனக்கு மனப்பாடம். எல்லாரும் தின்று முடித்த பிறகுதான் அங்கிள் தன் தட்டை எடுப்பார். ஆக்குகிறவன் கடைசியாகச் சாப்பிட வேண்டும் என்பது குசினிச் சட்டமாம்.

அவருக்கு ஒரே ஒரு பெருமைதான்.

"இருவத்திரெண்டு வருஷம். எத்தன ஆயிரம் பயலுக. ஒருத்தன் பல்லுல ஒரு கல்லு பட்டிருக்குமா? கேட்டுப் பாரு!"

யாரிடம் போய்க் கேட்பது? நம்பினோம்.

யுத்த காலத்தில் ஒருநாள், களனிப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரைப் பார்த்து அவரை மறித்திருக்கிறார்கள். நானும் ஆமிதான், இன்ன முகாம் குசினி என்றிருக்கிறார். நின்ற சிப்பாய் நம்பவில்லை. "அப்படியென்றால் புதன்கிழமை இரவு அங்கே என்ன சாப்பாடு, சொல்லு பார்ப்போம்" என்றானாம். அங்கிள் நிமிர்ந்து நின்று, "ரொட்டி, பருப்பு, கட்டச் சம்பல். மீனுன்னு போர்டுல எழுதியிருக்கும், வராது" என்றாராம். அந்த முகாமிலேயே பயிற்சி எடுத்த சிப்பாய் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அதே சாவடியில் நாங்களும் எத்தனையோ நாள் வெயிலில் நின்றோம். எங்களுக்குப் புதன்கிழமைச் சாப்பாடு தெரியாமல் போய்விட்டது.

போன வருடம் ஒரு ஞாயிறு, பருப்பும் சோறும் ஒரு வாய் வைத்தேன். தலைக்குள் 'கடக்' என்றது. கடைவாய்ப் பல்லில் ஒரு ஓரம் போய்விட்டது. அதிர்ச்சியில் நிமிர்ந்தால், எதிரே த்ரீவீலர் ஓட்டும் நசீர் நானா வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேரும் விழுங்கினோம்.

"எப்புடி?" என்றார் அங்கிள்.

"சூப்பர் அங்கிள்! இன்டைக்கு வேற மாதிரி ஒரு டேஸ்ட் ஈக்கி" என்றார் நசீர் நானா.

அடுத்த கிழமை கற்கள் கூடின. அதற்கடுத்த கிழமை இன்னும். ஒழுங்கை முழுக்க, யாரும் யாருக்கும் சொல்லாமலே, ஒரு பழக்கத்துக்கு வந்தது. சோற்றைப் பிசைகிற சாட்டில் விரலால் துழாவிக் கல்லைப் பொறுக்கி மடிக்குள் போட்டுக்கொள்வது. அந்தப் பெருமையைப் போய் உடைக்க எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. சந்தியில் நிற்கிற லைட் கம்பத்தைப் பார்த்து அங்கிள், "சாப்பிட்டாச்சா தம்பி?" என்று கேட்டு, பதில் வராததால், இந்தக் காலத்துப் பிள்ளைகளின் மரியாதையைப் பற்றி அதற்கு ஒரு பிரசங்கமே வைத்தார். மேரி அன்ரி என்னைக் கூப்பிட்டு அழுதார்.

"ரெண்டு கண்ணுலயும் வெள்ளை படந்துட்டு புள்ள. கைப் பழக்கத்துல ஆக்குறாரு. இனியும் விட்டா ஒண்ணுமே தெரியாமப் போகலாமுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அரசாங்கக் கண் கிளினிக்கில் கிடைத்த திகதி வெகு தூரத்தில் இருந்தது. தனியார் ஆஸ்பத்திரி சொன்ன தொகையைக் கேட்டு அங்கிள் சிரித்தே விட்டார். மிச்சம் இருந்தது இராணுவ வைத்தியசாலை. அதைப் பற்றி ஒழுங்கையில் ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். காயப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்றார் ஒருவர். சமையல்காரர் கணக்கில் வரமாட்டார் என்றார் இன்னொருவர். நான் விசாரித்துப் பார்த்தேன். பென்சன் எடுக்கும் பழைய சிப்பாய் என்றால், துவக்குப் பிடித்தவரோ கரண்டி பிடித்தவரோ, அவருக்கும் மனைவிக்கும் அங்கே வைத்தியம் உண்டு.

சந்தோசமாக ஓடிப்போய்ச் சொன்னேன். அங்கிளின் முகம் இறுகிவிட்டது.

"புள்ள, அங்க யாரு படுத்திருக்கான்னு தெரியுமா? காலு போனவன், கை போனவன். நான் என்னா செஞ்சேன்? வெங்காயம் வெட்டுனேன். அவன் கட்டில்ல போயி நான் படுக்குறதா?"

"அங்கிள், அது உங்கட உரிமை."

"ஆக்குறவன் கடைசியாத்தான் சாப்பிடணும். மொதல்ல அவனுக எல்லாம் முடிக்கட்டும்."

அதற்கு மேல் அசையவில்லை. நசீர் நானா கெஞ்சினார், பாதிரியார் புத்தி சொன்னார். மனிதர் குருடாகப் போனாலும் போவார், வரிசையைக் குழப்பமாட்டார் போலிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கிடாரத்தை உதைத்தேன், கால்தான் வீங்கியது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் மேரி அன்ரி. ஒரு திங்கட்கிழமை அவருக்கு முழங்கால் வலி வந்தது.

"எனக்கும் அந்த ஆஸ்பத்திரியில உரிமை இருக்கில்ல?"

"ஒனக்கு இல்லாமலா! ஆமிக்காரன் பொஞ்சாதி நீ!"

"ஆனா நீங்க வந்து நம்பர் சொன்னாத்தான என்னய எடுப்பாங்க?"

அங்கிள் சட்டையை அயன் பண்ணி, சப்பாத்தைப் பொலிஷ் பண்ணி, நசீர் நானாவின் த்ரீவீலரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். அன்ரி வழியெல்லாம் முனகினார். நடிப்பு என்று தெரிந்த எனக்கே பாவமாக இருந்தது.

வைத்தியசாலைக் கவுண்டரில் ஒரு பெண் சிப்பாய் இருந்தாள். அங்கிள் விறைப்பாக நின்று, தன் ரெஜிமென்ட் நம்பரைச் சிங்களத்தில் மடமடவென்று ஒப்பித்தார். கூடம் முழுக்கக் கேட்டது. "நோயாளி யார்?" என்று கேட்டாள். அதுவரை நொண்டிக்கொண்டிருந்த அன்ரி நேராக நடந்து முன்னால் போனார்.

"இவருதான் மிஸ். ரெண்டு கண்ணும்."

"மேரி!"

"எனக்கு முழங்கால் சரியாயிட்டு."

அங்கிளுக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்து, "மன்னிச்சிருங்க மிஸ், நான் சும்மா கோக்கி. என் இடத்தை வேற யாருக்காவது குடுங்க" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் நோயாளிகள் உட்கார்ந்திருந்த வாங்கில் இருந்து ஒரு குரல் வந்தது. "கோக்கி அய்யே?" சமையல்கார அண்ணனைச் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஐம்பது தாண்டிய ஒரு மனிதர் ஊன்றுகோல்களில் எழும்பி வந்தார். காற்சட்டையின் ஒரு கால் முழங்காலுக்கு மேல் மடித்துக் குத்தப்பட்டிருந்தது. அங்கிளுக்கு அது தெரியவில்லை, குரல் வந்த பக்கம் பார்த்து முழித்தார். வந்தவர் வாயைத் திறந்து காட்டினார்.

"இந்தப் பல்லு தெரியுதா, அய்யே?"

"கண்ணு தெரியாதேப்பா."

"அப்ப விரலை வைங்க." அங்கிளின் விரலைப் பிடித்துத் தன் உடைந்த பல்லில் வைத்தார். தூரத்தில் ஒரு தாதி, "ஏய், அங்க என்ன செய்றீங்க!" என்று கத்தினாள். "உங்க பருப்பு. நான் ரெக்ரூட்டா இருந்தப்ப. இவ்வளவு பெரிய கல்லு."

"என் பருப்புல கல்லா? இருக்காது! வேற குசினியா இருக்கும்!"

"என் காலை எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாது, அய்யே. பல்லை எடுத்தவரை எனக்கு நல்லாத் தெரியும்."

கூடமே சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை. கையைக் கீழே கொண்டுபோய்த் தடவினார். மடித்துக் குத்தியிருந்த துணி கையில் பட்டது. அந்தத் துணியை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நீ முன்னால போ மல்லி" என்றார், தம்பியைச் சிங்களத்தில் கூப்பிடுகிற மாதிரி. "நான் கடைசியா வாறேன்."

"நாங்க எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாச்சு, அய்யே. நீங்க மட்டும்தான் பாக்கி."

குசினிச் சட்டம் தெரிந்தவர் அல்லவா அங்கிள். அந்த மனிதருக்குப் பக்கத்திலேயே வாங்கில் உட்கார்ந்தார். பெண் சிப்பாய் நம்பரை மறுபடி கேட்டாள். இந்த முறை மெதுவாகச் சொன்னார்.

முதலில் ஒரு கண், பிறகு மற்றது. கட்டு அவிழ்த்ததும் மேரி அன்ரியைப் பார்த்து, "எப்ப மேரி நீ இவ்வளவு கெழவியான?" என்று கேட்டாராம்.

"நீங்க பாக்காத நேரமாப் பாத்துத்தான்" என்றாராம் அன்ரி.

பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு உடைந்த பல்லுக்காரருக்கு விசேட அழைப்பு. களனிப் பக்கத்திலிருந்து அவரை நசீர் நானா கூட்டி வந்தார். முந்தின நாள் முழுக்கக் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து அங்கிளே பருப்புப் பொறுக்கியிருந்தார். எங்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, கரண்டியும் கையுமாக நின்று நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்தார். வந்தவர் பயமில்லாமல் வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்களோ பழக்க தோசத்தில், அத்தனை பேரும் தட்டில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தோம்.

"என்னா எல்லாரும் தேடுறீங்க?" என்றார் அங்கிள்.

என் விரல் அப்படியே நின்றது.

"ஒண்டுமில்ல அங்கிள், கறிவேப்பிலை" என்றார் நசீர் நானா.

அங்கிள் எங்கள் ஒவ்வொருவர் கையையும் பார்த்தார். அவருக்கு இப்போது நன்றாகக் கண் தெரியும்.

"எத்தன நாளா?"

அங்கிளின் உதடு நடுங்கியது. மேரி அன்ரி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அழாதீங்க! கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல!"

என் கடைவாய்ப் பல்லின் உடைந்த ஓரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போன மாதம் பல் டாக்டர் பார்த்துவிட்டு, கட்டிவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.