கன்னையா வீட்டு வேப்பிலை

"ஊசி போடப் போறானுங்க. போட்டா நாளைக்கு என் மகளுக்குப் புள்ளையே பொறக்காது. எழுதியே இருக்கு!"

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சிங்களக் கடிதத்தைக் கன்னையா தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலில் நின்று வாசித்தான். யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் சிங்களத்தில் பேரம் பேச, சண்டை பிடிக்க அவனை விட்டால் ஆளில்லை. எழுத்துத்தான் ஒன்றுகூடத் தெரியாது. அதனாலென்ன, கடிதத்தில் ஊசிப் படம் இருந்தது. மீதியைத் தவறணையில் குடித்தபடியே கேட்டிருந்தான்.

ஷாமிளா ஒற்றைப் பிள்ளை. பாவம், அவன் பயந்தது உண்மை.

"பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்லுவீங்க?" என்றாள் மனைவி கிருஷ்ணகுமாரி.

"அம்மை போட்டிருக்குன்னு சொல்லு."

அபார மூளை! வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பிலிருந்த கருவாட்டுக் குழம்பு பக்கத்து வீட்டுக்குப் போனது.

"ஆத்தா வந்திருக்கிற வீடு. கவுச்சி ஆகாது, தாளிக்கக் கூடாது. குடிச்சிட்டு வந்தா வாசப்படி ஏறாதீங்க."

"அடியே, அது பொய்தானடி!"

"சாமி விசயத்துல வெளையாடாதீங்க."

ஷாமிளா லேசான காய்ச்சலோடு தன் இடது கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். என்னமாய் நடிக்கிறாள் என்று தகப்பன் மெச்சிக்கொண்டான்.

மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கங்காணி ஏழுமலை பத்தடி தள்ளியே நின்றார். "அம்மை வீட்டுக்காரன் றப்பர் பால் வெட்ட வராத. மருத்துவிச்சி மிஸ்கிட்ட சொகமாயிருச்சுன்னு துண்டு எழுதி வாங்கிட்டு வா."

"லேசாத்தாங்க போட்டுச்சு. எறங்கிருச்சு."

"ஒரே நாள்லயா? ஆத்தா மனசு வச்சிட்டா! வெள்ளிக்கெழம நீ தீச்சட்டி எடுத்துரு. நான் கோயில்ல சொல்லிர்றேன்."

சொல்லியும்விட்டார். லயமே கன்னையாவைக் கையெடுத்துக் கும்பிட்டது.

இரண்டு நாள் வெறும் பருப்பும் சோறும் தின்றவனுக்கு, கையில் நெருப்பு என்றதும் வீரம் மொத்தமும் இறங்கிவிட்டது. மருத்துவிச்சி ஸபியாவை வீட்டுக்கே கூட்டிவந்தான்.

"அம்மையும் இல்ல, ஒன்னும் இல்லங்க மிஸ். ஊசிக்குப் பயந்து சொன்ன பொய். போட்டா புள்ள பொறக்காதாமே?"

"யாரு சொன்னா? பொறக்கிற புள்ள நல்லாப் பொறக்கத்தான் இந்த ஊசி."

"எம்மகளுக்கு வேணாங்க. இந்தாங்க, பள்ளிக்கூடத்துல குடுத்த கடுதாசி."

ஸபியா வாசித்தாள். அடுப்படியில் கிருஷ்ணகுமாரி, இல்லாத குழம்பை மும்முரமாகக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"கன்னையா, ஊசி போட்ட கையோட குடுத்துவிட்ட கடுதாசி இது, காய்ச்சலடிச்சா பயப்பட வேணாம்னு. சம்மதக் கையெழுத்த ஒங்க சம்சாரம் போன கெழமையே எங்கிட்ட போட்டுக் குடுத்திருச்சே!"