ஏழேக்கர் பூங்காவின் கணக்கில் வராத கல்

கொன்றைநாட்டில் மன்னரைத் தேர்தல் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலுக்கு முதல் நாள்வரை அவர் வீடு வீடாக வந்து குடிமக்களைக் கும்பிடுவார். மறுநாளிலிருந்து குடிமக்கள் அவரைக் கும்பிடுவார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை இது மாறி மாறி வந்ததால் இரு தரப்புக்குமே முதுகு நன்றாக வளைந்துகொடுத்தது.

அந்த நாட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் காரியமானாலும் அதற்கு ஒரு கல் நட வேண்டும். கல்லில் மன்னர் பெயர், அமைச்சர் பெயர், நாள், கிழமை எல்லாம் செதுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, திரையை விலக்கிக் கைதட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். ஒருமுறை வடக்கெல்லையில் தானாகவே மழை கொட்டி ஏரி நிரம்பிவிட்டது. கல் நடாமல் நிரம்பிய ஏரி என்பதால் அந்த ஆண்டு முழுவதும் அது வறண்ட ஏரியாகவே அரசு ஏடுகளில் இருந்தது. வரப்பில் தண்ணீரோடு நின்ற உழவர்களுக்கு வறட்சி நிவாரணமாக ஆளுக்கொரு குடம் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட நாட்டில் கல்லில் எழுத்து வெட்டுகிறவருக்கு ஓய்வு ஏது? அரசுக் கல்வெட்டு நிலையத்தில் முப்பது ஆண்டுகளாக உளி பிடித்தவர் மாசிலாமணி. அவர் கை 'மாண்புமிகு' என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டே வெட்டும். காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை மாண்புமிகுகளை வெட்டித் தள்ளிவிட்டு, புருவமெல்லாம் கல்தூளாக, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த ஏழேக்கர் பூங்காவுக்குப் போய்விடுவார்.

அதைப் பூங்கா என்று சொல்லக் கொஞ்சம் பெருந்தன்மை வேண்டும். சறுக்குமரத்தில் பாதிதான் மிச்சம். நீரூற்றுக் குழாய்க்குள் யாரோ பழைய பாயைத் திணித்து வைத்திருந்தார்கள். நடைபாதையெங்கும் தண்ணீர்ப் பாக்கெட், முறுக்குக் கவர், ஒற்றைச் செருப்பு. ஒற்றைச் செருப்புகளுக்கு ஜோடி எங்கே போயிருக்கும் என்று மாசிலாமணி பல நாள் யோசித்திருக்கிறார்.

ஆனால் அவர் ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தார். குளத்தோரத்துச் சிமெண்டு பெஞ்சின் உடைந்த பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தை இடப்பக்கம் லேசாகத் திருப்பினால், குப்பைமேடு முழுவதும் மருத மரத்தின் பருத்த அடிமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் கண்ணுக்குக் கிடைப்பது குளம், செங்குத்தான மண்கரை, அதன்மேல் விழும் இலைநிழல், அவ்வளவுதான். கரையில் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் ஒரு மீன்கொத்தி ஜோடி ஆண்டு தவறாமல் குஞ்சு பொரித்தது. ஆண் பறவை கிளையிலிருந்து நீலமாகக் கீழே பாய்ந்து, வாயில் வெள்ளியாக ஏதோ துடிக்க மேலே வரும். மாசிலாமணி சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் கொண்டைக்குருவி ஒன்று முறுக்குக் கவரைக் கிழித்துக் கூட்டுக்குள் மெத்தை வைப்பதைப் பார்த்தார். அன்று முழுவதும் வெட்டிய மாண்புமிகுகள்கூட அவருக்கு அழகாகத் தெரிந்தன. அந்த அரைமணி நேரம் இல்லையென்றால் அவர் என்றோ உளியைத் தூக்கிப் போட்டிருப்பார்.

பூங்காவைப் பெருக்குவதற்கு அரசு நியமித்தது ஒரே ஒரு ஆளை. பெயர் எசக்கியம்மாள். ஏழு ஏக்கருக்கும் சேர்த்து அவளிடம் இருந்த துடைப்பம் தேய்ந்து தேய்ந்து கைப்பிடி மட்டும் பாக்கி. அவளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதே பெஞ்சுக்குத்தான் வருவாள்.

"எசக்கி, அமைச்சருக்கு ஒரு மனு எழுதலாம்னு பாக்கேன். உனக்கு ஒரு துடைப்பம், ரெண்டு குப்பைத்தொட்டி. வேற ஒண்ணும் கேக்கல" என்றார் ஒருநாள்.

"பேசாம இருங்க அண்ணாச்சி. இப்படி ஒரு பூங்கா இருக்குன்னு அவுகளுக்கு ஞாபகம் இல்லாமக் கெடக்கு. அதை ஏன் கெடுக்கீய?"

மாசிலாமணி கேட்கவில்லை. அரசாங்கத்தில் முப்பது வருஷம் இருந்தும் அரசாங்கத்துக்கு மனு எழுதினார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான்.

பத்தாம் நாள் பூங்கா அமைச்சர் அருளாழியார் நேரில் வந்தார். மேடை போட்டார்கள். "தூய்மைத் தொடக்க விழா" என்று மாசிலாமணி கையாலேயே கல் வெட்டவைத்தார்கள்.

"குப்பை என்பது மக்கள் உண்கிறார்கள் என்பதற்குச் சான்று. உண்கிறார்கள் என்பது மன்னரின் ஆட்சிக்குச் சான்று. ஆகவே அந்தச் சான்றை மரியாதையோடு அப்புறப்படுத்துவோம்!" என்று முழங்கினார் அமைச்சர். வந்திருந்த இரண்டாயிரம் பேருக்கும் பாக்குமட்டைத் தட்டில் பிரியாணியும் தண்ணீர்ப் பாக்கெட்டும் கிடைத்தன. விழா முடிந்து கூட்டம் கலைந்தபோது பூங்காவில் மூன்று வண்டிக் குப்பை கூடியிருந்தது. விழா மேடையில் குங்குமத் தட்டு ஏந்தி நிற்க ஆள் வேண்டும் என்று எசக்கியம்மாளைப் பெருக்கும் வேலையிலிருந்து தட்டேந்தும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். புதுத் துடைப்பம் தருவதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

குப்பை கூடிவிட்டது என்று அறிக்கை போனது. குப்பை கூடியதற்குக் காரணம் விழிப்புணர்வு போதாமையே என்று கண்டுபிடித்து, விழிப்புணர்வு விழா எடுத்தார்கள். ஒரு கல், ஐந்து வண்டிக் குப்பை. விழிப்புணர்வுக்கு விளைவு உண்டா என்று ஆராயும் விழா. ஒரு கல், ஏழு வண்டி. ஆறு மாதத்தில் பூங்காவில் புல் முளைக்க இடமில்லாமல் கல் முளைத்துவிட்டது.

அடுத்து ஒரு நிபுணர் குழு வந்தது. பூங்காவில் தரையில் கிடந்த பொருள்களை ஒரு வாரம் குனிந்து குனிந்து எண்ணினார்கள். குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முடிவை வாசித்தார்.

"கீழே கிடப்பவற்றில் நூற்றுக்கு எண்பது இலைகள். ஆகையால் இப்பூங்காவில் அதிகம் குப்பை போடுவோர் மரங்களே. பலமுறை எச்சரித்தும் அவை திருந்தவில்லை."

அறுபது மரங்களை மொட்டையடித்தார்கள். குளத்தின்மேல் சாய்ந்து நின்ற மருதத்தை மட்டும், ஏணி வைக்க வாகில்லாத இடத்தில் நின்றதால் விட்டுவைத்தார்கள். நிழல் போனதும் ஜனங்கள் வருவதும் நின்றது. ஜனங்கள் வராததால் பூங்கா தூய்மை அடைந்துவிட்டது என்று அறிவித்து, அந்தத் தூய்மையைக் காப்பதற்காகப் பொதுமக்கள் நுழையத் தடை என்று வாசலில் பூட்டுப் போட்டார்கள். உள்ளே போக அனுமதி கல் வெட்டுகிறவருக்கும் தட்டேந்துகிறவளுக்கும் மட்டும்தான்.

மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. "நான் ஒரு துடைப்பந்தான எசக்கி கேட்டேன்" என்றார்.

"அதான் சொன்னேன்லா" என்றாள் அவள். அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. தன் டிபனிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்து அவர் சோற்றில் வைத்தாள்.

அப்போதுதான் பேரிடி வந்தது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. பூங்காவின் தூய்மைக்காக நட்ட இருபத்தொன்பது கற்களையும் வெயில் மழையிலிருந்து காப்பாற்ற ஒரு மண்டபம் கட்டுவது, முப்பதாவது கல்லை மன்னரே வந்து அதன் மேடையில் திறப்பது என்று முடிவாயிற்று. தேர்தலுக்குள் முடிக்க வேண்டிய வேலை என்பதால் இது உண்மையிலேயே நடந்துவிடும் ஆபத்து இருந்தது. அமைச்சர் குளத்தை ஒரு சுற்று சுற்றிவந்து மண்கரையின்மேல் நின்றார்.

"மன்னர் இங்கே நின்றால் தண்ணீரில் அவர் உருவம் விழும். ஆக, ஒரே செலவில் இரண்டு மன்னர். கரையை இடித்துக் கான்கிரீட் போடுங்கள். திங்கட்கிழமை வேலை ஆரம்பம்."

அவர் காலுக்குக் கீழே பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளின் சத்தம் கிரீச்சென்று கேட்டது. "ஏதோ கதவுக்கு எண்ணெய் போடவில்லை போலிருக்கிறது" என்றார் அமைச்சர்.

மாசிலாமணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். குஞ்சுகள் பறக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். மனு எழுதலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. கிழக்குக் கோட்டத்தில் ஒரு கல்லை இறக்கிவிட்டு அரசு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நேராக வந்த சாலை காரணமில்லாமல் அரைவட்டம் அடித்து வளைந்து போனது. வளைவுக்குள்ளே காடு மாதிரி மரங்கள். உள்ளே மயில் அகவியது.

"இது என்னப்பா இடம்? எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார்.

வண்டியோட்டி சிரித்தான். "நீங்க வெட்டுன கல்லுதான் சார் உள்ள நிக்குது. பல்கலைக்கழகம் வரப்போகுதுன்னு அடிக்கல் நாட்டி பதினெட்டு வருஷம் ஆச்சு. ரோடு போட வந்தவங்ககூட உள்ள கால் வைக்கல. அடிக்கல் நட்ட இடத்துல கை வெச்சா, ஏன் இன்னும் கட்டலன்னு எவனாவது கேட்டுருவான்ல? அந்த வம்பு யாருக்கு வேணும்?"

மாசிலாமணி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். புதருக்குள் தன் கையெழுத்து பாசி படிந்து நின்றதைப் பார்த்தார். கீரி ஒன்று கல்லின்மேல் ஏறி நின்று அவரை யார் என்று கேட்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது. அவர் மனசு வேகமாக வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாசிலாமணியும் எசக்கியம்மாளும் ஒரு கல்லைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். காவலாளி சல்யூட் அடித்தான். கொன்றைநாட்டில் கல் கொண்டுபோகிறவரை யாரும் எங்கே என்று கேட்பதில்லை.

கல்லில் ஏழு வருஷத்துக்கு முந்தைய நாள் போட்டிருந்தது. அது இதே மன்னரின் முதல் ஆட்சிக்காலம். 'இவ்விடத்தில் எல்லா உயிர்களும் இன்புற்று வாழ நந்தவனம் ஒன்று அமைக்கப்படும்' என்று வெட்டி, கீழே மன்னர் பெயர். குளத்துச் சேற்றையும் சாம்பலையும் குழைத்து எசக்கியம்மாள் அதன்மேல் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கினாள்.

"மாட்டிக்கிட்டா என்ன அண்ணாச்சி செய்வாவ?"

"வேலை போவும். உள்ளயும் தள்ளலாம்."

"எனக்குத் தட்டுதான போவும்?" என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் ஒரு கை சேறு அள்ளினாள்.

திங்கட்கிழமை மண்வெட்டிகளோடு ஆட்கள் வந்தார்கள். கரையில் நின்ற கல்லைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள். அமைச்சருக்கு ஆள் பறந்தது. அருளாழியார் வந்து கல்லை மூன்று தரம் வாசித்தார்.

"இது எப்போது நட்டது? எனக்கு நினைவில்லையே" என்றார் செயலாளரிடம், தாழ்ந்த குரலில்.

"எனக்கும் நினைவில்லை ஐயா. மன்னருக்கு நினைவிருந்தால்?"

"மன்னர் ஆயிரக்கணக்கில் நட்டிருக்கிறார், அவருக்கு எப்படி நினைவிருக்கும்?"

"அதனால்தான் ஐயா சொல்கிறேன். இதை அவர் நடவில்லை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?"

அமைச்சர் மாசிலாமணியைக் கூப்பிட்டார். "இந்த எழுத்து உம்முடையதா?"

"என்னுடையதுதான் ஐயா" என்றார் மாசிலாமணி. அதில் பொய் ஏதுமில்லை.

அமைச்சர் மறுபடியும் கல்லை வாசித்தார். பூங்காவுக்குள்ளேயே நந்தவனம் அமைப்பதாக எழுதியிருப்பது அவருக்கு வினோதமாகப் படவில்லை. கடைசியில், "அடிக்கல் நாட்டிய இடம். யாரும் கை வைக்கக் கூடாது. இதைச் சுற்றி ஐம்பது அடிக்கு யாரும் வரவும் கூடாது. தேர்தல் நேரத்தில் எவன் கண்ணிலும் பட வேண்டாம்" என்று உத்தரவிட்டுப் போனார். மண்டபத்தைப் பேருந்து நிலையத்துக்குள் கட்டினார்கள். பேருந்துகள் அன்றிலிருந்து வெளியே நின்றன.

குஞ்சுகள் நான்கும் பறந்துபோன அன்று மாசிலாமணி குழந்தைபோல அழுதார். எசக்கியம்மாள் அதைப் பார்க்காதவள்போல மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் எப்படியோ கசிந்தது. இரவல் கேட்பதுபோல வெளியூர் ஜனங்கள் ஒவ்வொருவராகக் கல்வெட்டு நிலையத்தின் பின்வாசல் வழியே வந்தார்கள். மேற்கே ஒரு மலையை உடைக்கப் போகிறார்களாம், அங்கே 'விளையாட்டரங்கம் அமைக்கப்படும்' என்று ஒரு கல். ஓர் ஏரியைத் தூர்க்கப் போகிறார்களாம், அங்கே 'துறைமுகம்'. மாசிலாமணி முகம் சுளிக்காமல் வெட்டிக்கொடுத்தார். நாட்டில் பச்சையாக மிஞ்சிய இடங்களிலெல்லாம் மன்னரின் வாக்கு ஒன்று நின்றது.

ஒருநாள் தூரத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்குக் கல் வேண்டாம். "எங்க ஊர்ல ஆஸ்பத்திரி வரும்னு ஒரு கல் நிக்குதுங்க. பன்னெண்டு வருஷமா நிக்குது. அதை எடுத்துட முடியுங்களா? எடுத்துட்டா ஒருவேளை கட்டிருவாங்களோன்னு கேக்க வந்தேன்."

மாசிலாமணி அந்தக் கல்லையும் தான்தான் வெட்டினார் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் போனபிறகு அன்று உளியைத் தொடவில்லை.

தேர்தல் வந்தது. மன்னர் தோற்றார். புதிய மன்னர் பதவியேற்ற மேடையில் மார்பைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "இந்நாட்டில் இதுவரை நாட்டப்பட்ட அடிக்கல்கள் அத்தனைக்கும் நான் பொறுப்பேற்கிறேன். ஒன்று விடாமல் நிறைவேற்றுவேன். இது சத்தியம்!"

மாசிலாமணி டிபன் பாக்ஸைப் போட்டுவிட்டுப் பூங்காவுக்கு ஓடினார். எசக்கியம்மாள் ஏற்கெனவே அங்கே வந்து கரைக்குக் காவல்போல உட்கார்ந்திருந்தாள். மலை, ஏரி, மயில்காடு எல்லாம் மாசிலாமணியின் கண்முன் வந்து போயின. கூடவே அந்தக் கிராமத்துப் பெண்ணும் வந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரி கிடைக்கட்டும், இந்தக் கரை மட்டும் தப்பட்டும் என்று யாரிடம் வேண்டுவது என்று தெரியாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன்கொத்தி பாய்ந்து, வெறும் வாயோடு மேலே வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கல்வெட்டு நிலையத்து ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அண்ணே, அவசர வேலை! நாளைக் காலையில விழா. பெரிய கல்லா வேணுமாம்."

"என்ன வெட்டணும்?"

அவன் சீட்டைப் பிரித்து வாசித்தான். "நிறைவேற்றப்படாத அடிக்கல்கள் அனைத்தையும் நிறைவேற்றுவதற்கான தனித்துறைக் கட்டடத்துக்கு, மாண்புமிகு மன்னர் அவர்கள் நாட்டிய அடிக்கல்."

மாசிலாமணிக்கு மூச்சு வந்தது. உடனே அந்தப் பெண்ணின் முகமும் நினைவுக்கு வந்தது. மூச்சு வந்ததற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது. எசக்கியம்மாள் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "போய் வெட்டுங்க அண்ணாச்சி. நாளைக்கு நானும் தட்டு புடிக்கணும்லா" என்றாள்.