ஆதாரத்தோடு வந்த பல்வலி

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி இல்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால்தான் இந்த உண்மை எனக்கே தெரிந்தது.

சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தி.நகரில் இன்னொரு பள்ளி மதியம் மூன்று மணிக்கு நேர்காணலுக்கு அழைத்திருந்தது. 'கடுமையான பல்வலி' என்று எழுதிக் கொடுத்து அரைநாள் விடுப்பு வாங்கியிருந்தேன். (வயிற்றுவலி என்று எழுதியிருக்கலாம். வயிற்றை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.)

அன்றைக்கென்று பார்த்தா பிரின்சிபால் மேடம் என் வகுப்பைக் கவனிக்க வரவேண்டும்? நோட்டோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தியில் நேராகச் சொல்லாததைக் குறிப்புகளை வைத்து ஊகிப்பதுதான் பாடம். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து மலங்க மலங்க விழித்தார்கள். மானம் போய்விடுமே என்ற பயத்தில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. (உதிக்காமலே இருந்திருக்கலாம்.)

"புத்தகத்தை மூடுங்க. என்னையே ஒரு பத்தின்னு வெச்சுக்கோங்க. பார்த்து, என்ன புரியுதுன்னு சொல்லுங்க. ஆனா ஆதாரம் வேணும்."

வகுப்புக்கு உயிர் வந்துவிட்டது. முதல் பெஞ்ச் யாஸ்மின் எழுந்தாள்.

"மிஸ், நீங்க இன்னிக்கு எங்கயோ முக்கியமான இடத்துக்குப் போறீங்க. ஆதாரம், பட்டுப்புடவை."

"சபாஷ்!" என்றேன், ஆபத்து புரியாமல்.

"கல்யாணத்துக்கு இல்ல மிஸ்," என்றான் டேவிட். "உங்க பேக்ல சர்டிபிகேட் ஃபைல் துருத்திக்கினு கீது. எங்கக்கா வேலை கேட்டுப் போறப்ப இதே மாதிரிதான் எடுத்துக்கினு போச்சு."

பையை மேஜைக்கடியில் தள்ளினேன். "அதில்லப்பா... எனக்குப் பல்வலி. டாக்டர்கிட்ட போறேன்."

"பல்லு வலிக்கிறவங்க கமர்கட்டு கடிப்பாங்களா மிஸ்?" என்றாள் யாஸ்மின். "இன்டர்வல்ல நான் குடுத்தேனே, கடக்குனு கடிச்சீங்களே!"

மணி அடித்தது. மேடம் நிதானமாக எழுந்து வந்தார்.

"பாடம் பிரமாதம். பல்வலிதான் ஆதாரத்தோட ஒட்டல. மந்தைவெளியில என் தம்பி பல் டாக்டர்தான். வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

மூன்று மணிக்கு, தி.நகரில் இருக்கவேண்டிய நான் மந்தைவெளியில் வாயைப் பிளந்து படுத்திருந்தேன். தம்பி டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அக்கா, கடைவாய்ப் பல்லு வேர் வரைக்கும் சொத்தை! எப்படித்தான் தாங்கினாங்களோ!"

மேடம் உருகிவிட்டார். சந்தேகப்பட்டதற்கு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். (அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் முழுக்கப் பஞ்சு.)

அடுத்த மாதமே வேலை நிரந்தரமானது. இன்றும் அதே பள்ளிதான். உறவுக்காரர் விசேஷத்துக்குப் போகாமலிருக்க நான் "லேசா தலை வலிக்குது" என்று ஆரம்பித்தால் போதும், என் கணவர் பதறிவிடுவார்.

"வேண்டாம்மா! நீ பொய் சொன்னா பலிச்சிடும். பேசாம கிளம்பு!"